மும்பை டு கொச்சி பாய்மரப் படகுல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீக்எண்டுல கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் செயிலிங் போறேன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. ஆனா கரைக்கே வராம நாலஞ்சு நாள் கடல்லயே இருப்போம்னு சொன்னா போதும், பி.கே.சி. ஆபீஸ் கேன்டீன்ல, செம்பூர் கோயில் வாசல்ல, மாட்டுங்கா மார்க்கெட்ல காய் பொறுக்கிட்டிருக்கறப்போ, எல்லாரும் அதே கேள்விங்களத்தான் கேக்கறாங்க. அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில். 38 அடி ஃபைபர் படகு, ஒரு மாஸ்ட் (பாய் கட்டற கம்பம்), நாலு பேரு, மும்பைலேர்ந்து கொச்சின்னு மனசுல வெச்சிட்டு படிங்க. அட்லாண்டிக் தாண்டறவங்களுக்கும் அன்றாடம் கிட்டத்தட்ட இதேதான், நாள்தான் ஜாஸ்தி.

எத்தனை நாள் ஆகும்?

கடல் வழியா சுமார் 580 நாட்டிகல் மைல். ஒரு நாட்டிகல் மைல்ங்கறது 1.852 கிலோமீட்டர், அப்படின்னா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. இந்த சைஸ் படகு சராசரியா 5 நாட் போகும், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். கேக்கறதுக்கு ரொம்ப கம்மியா இருக்கும், ஆனா ராத்திரி பகல்னு நிக்காம போறதால ஒரு நாளைக்கு 120 மைல் ஓடிடும். ஆக அஞ்சு நாள், காத்து நல்லா குடுத்தா நாலு, குடுக்கலன்னா ஆறு. நேத்ராவதி எக்ஸ்பிரஸ்ல ஏறினா மறுநாளே போயிடலாமேப்பான்னு மாமா ஒருத்தர் கேட்டார். போயிடலாம் மாமா, அதுல சந்தேகமே இல்ல.

எந்த மாசம் போகணும்?

டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நல்ல நேரம். ஜூன் வந்தா தென்மேற்குப் பருவக்காத்து, அப்போ இங்க படகையெல்லாம் கரையேத்தி தார்ப்பாய் போட்டு மூடிடுவாங்க, மீன்பிடி படகுங்களுக்கே மேற்குக் கடற்கரைல ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் தடை. மே மாசமும், அக்டோபர்-நவம்பரும் அரபிக்கடல்ல புயல் வர்ற நேரம். 2021 மே மாசம் டவ்தே புயல்ல மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் பி-305ங்கற பார்ஜே (பெரிய மிதவைக் கப்பல்) மூழ்கிடுச்சு, அதுக்கு முன்னாடி 38 அடி படகெல்லாம் எம்மாத்திரம்.

குளிர்காலத்துல காத்துக்கு ஒரு டைம்டேபிள் இருக்கு. விடியக்காலைல கரைலேர்ந்து கடல் பக்கம் லேசா வீசும், பத்து பதினொரு மணிக்கு செத்துப்போகும், மத்தியானத்துக்கு மேல வடமேற்குலேர்ந்து நல்லா எழும்பி சாயங்காலம் வரைக்கும் தள்ளும், தெக்கே போறவங்களுக்கு அது பின்காத்து. ராத்திரி கரைக்காத்து வேணும்னா கரையோரமா போகணும், ஆனா கரையோரம் பூரா வலை. வலைக்கு பயந்து வெளிய போனா காத்து கம்மி. இந்த இழுபறிதான் முழு ரூட் பிளானும்.

காத்தே இல்லன்னா?

டீசல் இன்ஜின் இருக்கு, அத போடுவோம். சத்தமும் சூடும் சகிக்காது. செயிலிங்னா முழுக்க முழுக்க பாய்லதான்னு நினைச்சிட்டு வர்றவங்களுக்கு இது ஒரு ஏமாற்றம், பழகிக்கணும்.

ராத்திரி நங்கூரம் போட்டுட்டு தூங்கிடுவீங்கல்ல?

அதிகமா கேட்ட கேள்வி இதுதான். இல்லைங்க. நங்கூரம் பத்து பதினஞ்சு மீட்டர் ஆழத்துல, அலை அடங்கின இடத்துல போடற சாமான், நடுக்கடல்ல கைல இருக்கற செயின் தரையவே தொடாது. படகு போயிட்டேதான் இருக்கும், யாராவது ஒருத்தர் முழிச்சிட்டுதான் இருக்கணும். அதுக்குப் பேருதான் வாட்ச்.

நாலு பேருன்னா ராத்திரில மூணு மூணு மணி நேரமா பிரிச்சுக்கலாம், ஒன்பதுலேர்ந்து பன்னெண்டு ஒருத்தர், பன்னெண்டுலேர்ந்து மூணு இன்னொருத்தர், இப்படி. சில ஸ்கிப்பருங்க (படகுத் தலைவருங்க) ரெண்டு ரெண்டு பேரா நாலு மணி நேரம் போடுவாங்க. புதுசா வர்றவங்களுக்கு ஜோடியா இருக்கறது நல்லது, ஆனா தூக்கம் அதுல கம்மியாகும். எனக்கு கேட்டா, அனுபவம் இருக்கற நாலு பேருன்னா தனித்தனி வாட்ச்தான், ஒம்பது மணி நேரம் இடைவெளி கெடைக்குதே.

வாட்ச்ல என்ன பண்ணுவீங்கன்னா, சுக்கானப் பிடிச்சிட்டு நிக்கறதில்ல, அத பெரும்பாலும் ஆட்டோபைலட் பாத்துக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்னு சுத்தி முழுசா ஒரு ரவுண்டு பாக்கணும். அது ஏன் பத்து நிமிஷம்னா, ஒரு கன்டெய்னர் கப்பல் 20 நாட்ல வருது, தொடுவானத்துல அதோட லைட்ட முதல்ல பாக்கறதுலேர்ந்து அது நம்ம மேல ஏறி வர்ற வரைக்கும் பதினஞ்சு இருபது நிமிஷம்தான். ஒரு யூட்யூப் வீடியோ பாக்கற நேரம். பச்சை லைட் தெரிஞ்சா அதோட வலப்பக்கம், செவப்பு தெரிஞ்சா இடப்பக்கம், ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா நேரா நம்மள பாத்து வருதுன்னு அர்த்தம், அப்போ வாயப் பொளந்து பாத்துட்டிருக்காம ஏதாவது பண்ணுங்க.

தூக்கம் வருமா?

முதல் நாள் வராது. படகு ஒரு பக்கம் சாஞ்சே போகும், அதனால பங்க் (படுக்கற பலகை) ஓரத்துல உருண்டு விழாம இருக்க ஒரு துணிய இழுத்துக் கட்டியிருப்பாங்க, அதுக்குள்ள ஒடுங்கிப் படுக்கணும். காதுக்கு ஒரு ஜாண் தள்ளி, ஃபைபர் சுவத்துக்கு அந்தப்பக்கம் தண்ணி ஓடற சத்தம், மேல கயிறு முறுக்கற சத்தம், அலமாரில ஏதோ ஒரு டம்ளர் விடாம டொக் டொக்குனு. அந்த டம்ளர எழுந்து போயி துணி சுத்தி வைக்காம தூக்கமே வராது, வெச்சதும் இன்னொண்ணு ஆரம்பிக்கும். ரெண்டாவது நாள்லேர்ந்து பரவால்ல, கல்யாண் ஃபாஸ்ட் லோக்கல் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே தூங்கற மாதிரி உடம்பு தானா கத்துக்கும்.

சீரியஸா ஒண்ணு சொல்றேன். அலைய விட, புயல விட, எனக்கு பயம் தூக்கமில்லாத ஆளப் பாத்துதான். மூணாவது நாள் ராத்திரி தூங்காத கண்ணுக்கு இல்லாத லைட்டெல்லாம் தெரியும், இருக்கற லைட்டு தெரியாது, கயிறு எங்க கட்டியிருக்குன்னு மறந்துபோகும். அதனால பகல்ல வாட்ச் இல்லன்னா போயி படுக்கணும், டால்ஃபின் வந்துருக்குன்னு எழுப்பினாக்கூட. அடுத்தவர மாத்தி விடறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே மேல வந்து நிக்கணும், லேட்டா வர்றவன் மேல வர்ற கோவம் இருக்கே, அது கொச்சி போயி சேர்ந்தப்புறமும் தீராது.

வாந்தி வருமா அண்ணா?

வரும் தம்பி. உள்காது படகு ஆடுதுன்னு சொல்லும், கேபினுக்குள்ள இருக்கற கண்ணு எல்லாம் அசையாம இருக்குன்னு சொல்லும், இந்த ரெண்டுக்கும் நடக்கற சண்டைதான் குமட்டல். நேவி ஆளுங்களுக்கும் வரும், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். மாத்திரைன்னா அவோமின், சின்னரிசின் ரெண்டும் பரவலா எடுக்கறாங்க, ஆனா டாக்டர கேட்டுட்டு எடுங்க, குமட்டல் வர்றதுக்கு முன்னாடியே எடுத்தாதான் வேலை செய்யும், தூக்கம் வேற வரும், அதனால வீட்டுல ஒரு லீவு நாள்ல போட்டுப் பாத்துட்டு வாங்க. மேல உக்காந்து தொடுவானத்த பாருங்க, கைல சுக்கானக் குடுத்தா பாதி சரியாயிடும். கீழ போயி போன நோண்டினீங்கன்னா முடிஞ்சுது. வாந்தி எடுக்கறதுன்னா காத்து போற பக்கம் எடுங்க, ஹார்னெஸ் (நம்மள படகோட கட்டி வைக்கற வார்) மாட்டிட்டு எடுங்க.

சாப்பாடு?

இதுக்கு மட்டும் விவரமா சொல்றேன், ஏன்னா படகுல மனநிலைய தீர்மானிக்கறது இதுதான்.

முதல் நாள் யாரும் சமைக்கற நிலமைல இருக்க மாட்டாங்க. அதனால மொளகாய்ப்பொடி எண்ணெய் தடவின இட்லி, புளியோதரை, இதெல்லாம் வீட்டுலேர்ந்தே கட்டிட்டு வந்துடணும். நம்ம பாட்டிங்க ரயிலுக்கு கட்டின அதே லிஸ்ட், ஒண்ணும் மாத்த வேண்டாம்.

காய் மாட்டுங்கால வாங்குவோம், ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தத வாங்கக் கூடாது, வெளிய வந்தா ரெண்டே நாள்ல அழுகிடும். சேனை, பூசணி, வாழைக்காய், உருளை, வெங்காயம், சௌசௌ எல்லாம் தாங்கும். தக்காளிய செங்காயா வாங்கி ஒவ்வொண்ணா நியூஸ்பேப்பர்ல சுத்தணும். அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள்ள வரக்கூடாது, அதோட மடிப்புலதான் கரப்பான் முட்டை வரும், எல்லாத்தையும் படகுத்துறைலயே டப்பாவுக்கு மாத்திடணும்.

அடுப்பு ரெண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு சாஞ்சாலும் அது நேரா நிக்கும். வெளிநாட்டு படகுக்காரங்களே இப்போ குக்கர் வாங்கறாங்க, ஏன்னா மூடி பூட்டிக்கும், தூக்கிப் போட்டாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். பருப்பும் அரிசியும் ஒரே குக்கர்ல, அதுதான் தேசிய உணவு. கொதிக்கற தண்ணிய கைல டம்ளர பிடிச்சிட்டு ஊத்தவே கூடாது, டம்ளர சிங்க்குள்ள வெச்சிட்டு ஊத்தணும். என்ன வெயில் அடிச்சாலும் சமைக்கறப்போ முழு பேன்ட், ஏப்ரன், நடுக்கடல்ல தீக்காயத்துக்கு டாக்டர் கெடையாது. கேஸ் காத்த விட கனம், லீக் ஆச்சுன்னா படகோட அடிவயித்துல போயி தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும். அதனால சமையல் முடிஞ்ச உடனே சிலிண்டர்லயே வால்வ மூடணும், அடுப்புல மூடினா பத்தாது.

ராத்திரி வாட்சுக்கு ஃபிளாஸ்க்ல மொளகு ரசம். ஜனவரில கொங்கண் கடல்ல பனி எறங்கி டெக்கெல்லாம் சொட்ட சொட்ட நனஞ்சு கெடக்கும், அப்போ ராத்திரி ஒரு மணிக்கு காக்பிட்ல (வாட்ச்காரர் உக்கார்ற இடம்) ஒரு கப் ரசம் குடிச்சவங்களுக்கு நான் மேல எதுவும் சொல்ல வேண்டியதில்ல. காபி வேண்டாம், வாட்ச் முடிஞ்சு போயி தூங்கணும்.

தண்ணி, குளியல்?

குடிக்கறதுக்கு ஆளுக்கு தினம் மூணு லிட்டர், சமையலுக்கு தனி. 38 அடி படகுல டேங்க் முந்நூறு லிட்டர் பக்கம் இருக்கும், போதும், ஆனா அத மட்டும் நம்பக்கூடாது, டேங்க்ல உப்புத்தண்ணி கலந்துட்டா கதை கந்தல், அதனால கேன்ல தனியா. பாத்திரம் கடல் தண்ணில கழுவி கடைசில ஒரே ஒரு அலசு நல்ல தண்ணி. குளியலும் அப்படித்தான். சாதாரண சோப்பு கடல் தண்ணில நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும், தலைலேர்ந்து கால் வரைக்கும் ஷாம்புதான். அப்புறம் ஒரு லிட்டர் நல்ல தண்ணில உப்ப கழுவிடணும், ஏன்னா உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், துணியும் தோலும் காயவே காயாது, ரெண்டு நாள்ல உக்கார்ற எடத்துல புண்ணு வரும். பக்கெட்ட ஓடற படகுலேர்ந்து எறக்கறப்போ கயித்த மணிக்கட்டுல சுத்திக்காதீங்க, தண்ணி ரொம்பின பக்கெட் உங்கள இழுத்துட்டுப் போயிடும்.

டாய்லெட் இருக்கா?

இருக்கு, ஒரு அலமாரி சைஸ்ல. கைப்பம்ப் அடிச்சுதான் தண்ணி உள்ள வரும், வெளிய போகும். ஆம்பளைங்களும் உக்காந்துதான் போகணும், இதுல விவாதமே கெடையாது. உள்ள பேப்பர், டிஷ்யூ, முடி எதுவும் போடாதீங்க, அடைச்சா பிரிச்சு கழுவற வேலை அடைச்சவருக்குத்தான். போயிட்டு வந்து வால்வ மூடுங்க.

பெண்கள் வரலாமா?

என்ன கேள்வி இது. நம்ம கடற்படையோட ஐஎன்எஸ்வி தாரிணி, 56 அடி படகு, 2017 செப்டம்பர்ல ஆறு பெண் அதிகாரிகளோட கோவாலேர்ந்து கெளம்பி உலகத்தையே சுத்திட்டு 2018 மே மாசம் திரும்பிச்சு. அதே தாரிணில 2024 அக்டோபர் 2 அன்னிக்கு ரெண்டே பேரு, கோழிக்கோடு தில்னாவும் நம்ம புதுச்சேரி ரூபாவும், கெளம்பி எட்டு மாசத்துல சுத்தி முடிச்சு 2025 மே 29 அன்னிக்கு வந்தாங்க. ரெண்டே பேருன்னா ஒருத்தர் தூங்கறப்போ இன்னொருத்தர் தனியா முழு படகையும் பாத்துக்கணும், எட்டு மாசம், நடுவுல துறைமுகத்துல நின்ன நாள் போக. பீரியட்ஸ் பத்தி தனியா ஒரு அக்கா கேட்டாங்க: நாப்கின் வேண்டிய அளவுக்கு மேல ஒரு மடங்கு கொண்டு வாங்க, மூடி போட்ட டப்பா ஒண்ணு வெச்சுக்குங்க, கடல்ல போட முடியாது, பிளாஸ்டிக் எதையுமே கடல்ல போடக்கூடாதுன்னு சர்வதேச விதி.

பெரிய கப்பல் இடிச்சிடுமா?

கப்பல் பரவால்ல, ஏஐஎஸ்னு ஒரு கருவி இருக்கு, அதோட பேரு, வேகம், எவ்வளவு கிட்ட வரும்னு எல்லாம் ஸ்க்ரீன்ல காட்டும். கொங்கண்ல தலைவலி மீன் வலைதான். நிறைய படகுங்க ஏஐஎஸ் போடறதில்ல, வலையோட முனைல ஒரு தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் கேனோ மிதக்கும், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு சின்ன லைட்டு மினுக்கும். ப்ரொப்பல்லர்ல வலை சுத்தினா ஒருத்தர் கத்திய வாயில கடிச்சிட்டு தண்ணிக்குள்ள எறங்கணும், ராத்திரில அது நடக்காத காரியம். சட்டப்படியும் வலை போட்டிருக்கற படகுக்கு பாய்ப்படகுதான் வழிவிடணும்.

ரத்னகிரி தாண்டி ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடி பூரா மினுக்கு லைட்டா தெரியுது, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு புரியல. விஹெச்எஃப் ரேடியோல இங்கிலீஷ்ல கேட்டோம், ஹிந்தில கேட்டோம், பதில் இல்ல. அப்புறம் ரெண்டு படகுக்காரங்க அவங்களுக்குள்ள பேசிக்கறது காதுல விழுந்துச்சு, பாத்தா தமிழ்! கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து ஆளுங்க, அவங்க கேரளாலேர்ந்து குஜராத் வரைக்கும் ஆழ்கடல் மீன்பிடிக்கு போறவங்க. தமிழ்ல கேட்டதும் உடனே, "கிழக்க வராதீய, வலை கெடக்கு, மேக்க ரெண்டு மைல் எடுத்துட்டு தெக்க போங்க"ன்னாங்க. நீங்க என்ன மீன் பிடிக்கறீங்கன்னு வேற கேட்டாங்க. மீன் பிடிக்கலண்ணே, சும்மா போறோம்னதுக்கு ரேடியோல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் சிரிப்பு.

ஆள் கடல்ல விழுந்துட்டா? நீச்சல் தெரியணுமா?

தெரிஞ்சா நல்லது, ஆனா அது உங்கள காப்பாத்தாது. 6 நாட்ல போற படகு வினாடிக்கு மூணு மீட்டர் போகும், ஒரே நிமிஷத்துல கிட்டத்தட்ட 185 மீட்டர், அந்த தூரத்துல அலைக்கு நடுவுல ஒரு தலைய ராத்திரில கண்டுபிடிக்கவே முடியாது. அதனால விழாம இருக்கறது மட்டும்தான் வழி. டெக்கு நெடுக ஒரு பட்டை ஓடும், நம்ம ஹார்னெஸ்லேர்ந்து ஒரு கயிறு அதுல கொக்கி போட்டு மாட்டணும். இருட்டினா கட்டாயம், தனி வாட்ச்ல கட்டாயம், காக்பிட்ட விட்டு முன்னாடி போறதுக்கு முன்னாடி இன்னொருத்தர எழுப்பணும். ராத்திரில ஓரத்துல நின்னு ஒண்ணுக்கு போறது வேண்டவே வேண்டாம்.

போன் சிக்னல்? அவசரம்னா?

கரைலேர்ந்து பதினஞ்சு இருபது கிலோமீட்டர் தாண்டினா சிக்னல் கெடையாது. சாட்டிலைட் போன் வாங்கிட்டு வந்துடலாமான்னு கேக்கறாங்க, அனுமதி இல்லாம அத நம்ம நாட்டுல வெச்சிருந்தா கேஸ் ஆகும், வெளிநாட்டுலேர்ந்து பைல போட்டு எடுத்துட்டு வந்தவங்க ஏர்போர்ட்லயே மாட்டியிருக்காங்க. அவசரத்துக்கு இபிஐஆர்பின்னு ஒரு பீக்கன் உண்டு, அழுத்தினா 406 மெகாஹெர்ட்ஸ்ல சிக்னல் சாட்டிலைட்டுக்குப் போயி, பெங்களூருல இஸ்ரோ நடத்தற மையத்துக்கு வந்து, அங்கேர்ந்து மும்பை கோஸ்ட் கார்டுக்கு தகவல் போகும். கரைல இருக்கற வீட்டுக்காரங்க 1554ங்கற கோஸ்ட் கார்ட் நம்பர எழுதி வெச்சுக்கட்டும், கூடவே படகு பேரு, ரூட்டு, எத்தனை மணி நேரம் லேட்டானா கூப்பிடணும்னு ஒரு சீட்டு.

பயமா இருக்காதா? கொள்ளைக்காரங்க?

சோமாலியா ஆளுங்களோட ஏரியா கரையோர ரூட்டுக்கு ரொம்ப தூரம். 2024 மார்ச்ல ஐஎன்எஸ் கொல்கத்தா 35 பேர பிடிச்சு மும்பைக்கே கொண்டு வந்துச்சு, நியூஸ்ல பாத்திருப்பீங்க, அதனால இந்தக் கேள்வி.

கடல பாத்து பயம் இருக்கணும். 2012 நவம்பர்ல இதே மும்பைலேர்ந்து கெளம்பி தனியா, எங்கயும் நிக்காம உலகத்த சுத்தின முதல் இந்தியர் அபிலாஷ் டோமி. அவருக்கே 2018 செப்டம்பர்ல, கோல்டன் குளோப்ங்கற உலகம் சுத்தற ரேஸ்ல, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல மாஸ்ட் ஒடஞ்சு முதுகெலும்பு போயி, பிரெஞ்சு கப்பல் ஒண்ணு வந்து தூக்கிட்டுப் போச்சு. அந்த மனுஷன் அடுத்த தடவை அதே ரேஸ்ல ரெண்டாவதா வந்தாருங்கறது வேற விஷயம், நம்ம கிட்ட அதெல்லாம் எதிர்பாக்காதீங்க.

போரடிக்காதா?

அடிக்கும். நல்லா அடிக்கும். நாலாவது நாள் யாரு எத்தனை மிக்சர் தின்னாங்கன்னு கணக்கு பாக்கற அளவுக்கு அடிக்கும். ஆனா ராத்திரில பின்னாடி திரும்பி துருவ நட்சத்திரத்த பாருங்க, மும்பைல தொடுவானத்துலேர்ந்து 19 டிகிரி மேல இருந்தது தினமும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி கொச்சில 10 டிகிரி ஆயிடும், நம்ம அட்சரேகையும் அதுவும் ஒண்ணுதான், ஜிபிஎஸ் வேண்டாம், கைய நீட்டி விரல வெச்சே அளக்கலாம். சில ராத்திரி படகு போன தடத்துல தண்ணி பச்சையா மினுங்கும், நுண்ணுயிர் ஒளி, ஜுஹுல கூட சில வருஷம் வந்துச்சே அதான்.

மும்பைல எங்க கத்துக்கறது?

கேட்வே பக்கமும் மாண்ட்வா பக்கமும் சொல்லித்தர்றவங்க இருக்காங்க, சீசன் அக்டோபர் முடிஞ்சு ஆரம்பிக்கும். முதல்ல சின்ன படகுல ஹார்பருக்குள்ளயே ஒரு சீசன் ஓட்டுங்க, அப்புறம் ஒரு ராத்திரி மட்டும் போற மாதிரி ட்ரிப்புக்கு க்ரூவா கேளுங்க. ஆர்வைஏங்கற பிரிட்டிஷ் செயிலிங் சங்கத்தோட அஞ்சு நாள் க்ரூ கோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, சர்ட்டிஃபிகேட்ட விட அந்த அஞ்சு நாள் படகுலயே தங்கறதுதான் பிரயோஜனம். ஸ்கிப்பர தேர்ந்தெடுக்கறப்போ அவர் எத்தனை மைல் ஓட்டியிருக்கார்னு கேக்கறதோட, வாட்ச் எப்படி பிரிப்பீங்க, தூக்கத்துக்கு என்ன ஏற்பாடுன்னு கேளுங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொன்னா அந்தப் படகுல ஏறாதீங்க.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

சூட்கேஸ் வேண்டாம், வைக்க எடமில்ல, மடிக்கற பைதான். முழுக்கை காட்டன் சட்டை ரெண்டு, ராத்திரிக்கு ஒரு ஜாக்கெட், கயிறு கட்டின தொப்பி, வெள்ளை அடி வெச்ச ஷூ, செவப்பு வெளிச்சம் வர்ற தலை டார்ச், இருட்டு பழகின கண்ண அது கெடுக்காது. கண்ணாடி போடறவங்க ரெண்டாவது ஜோடி. வழக்கமா சாப்பிடற மாத்திரை பத்து நாளுக்கு. வீட்டுல அம்மா குடுக்கற நார்த்தங்கா ஊறுகாய மறுக்காதீங்க, ஆனா கண்ணாடி பாட்டில்ல வேண்டாம், ஸ்டீல் டப்பால குடுக்கச் சொல்லுங்க.